யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்?



2024 செப்டம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இரவு 10 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மறுநாள் வாக்கு எண்ணி முடித்தபோது எந்த வேட்பாளருக்கும் பாதிக்கு மேல் விழவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42 சதவீதத்துக்குச் சற்று மேலேயும், சஜித் பிரேமதாசவுக்கு 33 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைத்திருந்தது. இலங்கைச் சரித்திரத்தில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளையும் எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. அன்று மாலையிலேயே முடிவு வந்துவிட்டது. ஆனால் இடையில் இருந்த அந்தச் சில மணித்தியாலத்தில் லயத்துக்கு லயம் எத்தனை கதை ஓடியது! "எண்ணுறத நிப்பாட்டிட்டாங்களாம்", "திரும்ப எலெக்சன் வைக்கப் போறாங்களாம்", "கலவரம் வருமாம், அரிசி மாவு வாங்கி வச்சுக்கங்க."

உண்மையில் அன்று நடந்தது புதிய விசயமே அல்ல. பாதிக்கு மேல் யாரும் எடுக்காவிட்டால் இப்படித்தான் எண்ண வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவை அதுவரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான். தெரியாத விசயம் பயத்தைத் தரும். அந்தப் பயம்தான் புரளிக்குத் தீனி.

ஜனாதிபதித் தேர்தலுக்கு இப்படி என்றால், பாராளுமன்றத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வராமல் போனால் என்ன நடக்கும்? இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் ஒரே கட்சிக்கு 159 ஆசனம் கிடைத்தது. ஆனால் நமது நாட்டில் பெரும்பான்மை வராத தேர்தல் பல தடவை நடந்திருக்கிறது, இனியும் நடக்கலாம். மழை வந்த பிறகு கூரைத் தகரம் தேடுவதைவிட, வெயில் காயும்போதே பார்த்து வைப்பது நல்லது. அதனால்தான் இந்தக் கட்டுரை. இது எந்தக் கட்சிக்கும் சார்பாக எழுதப்பட்டதல்ல.

113 என்ற கணக்கு

பாராளுமன்றத்தில் மொத்தம் 225 பேர். இதில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து மக்கள் வாக்கால் வருகிறார்கள். மீதி 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். 225இல் பாதிக்கு மேல் என்றால் 113. இந்த 113 பேருடைய ஆதரவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சட்டம் நிறைவேற்றலாம், வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டு போகலாம்.

இதை நம்ம தோட்டத்துக் கோயில் சபையை வைத்து யோசித்துப் பாருங்கள். சபையில் 25 பேர் என்று வைத்துக்கொள்வோம். மேல்கணக்கில் 12 பேர், கீழ்க்கணக்கில் 10 பேர், ஸ்டோர் லயத்தில் 3 பேர். தலைவராக வர 13 வேண்டும். மேல்கணக்கில்தான் ஆள் கூட. ஆனாலும் தனியாகத் தலைவர் போட முடியாது. ஸ்டோர் லயத்து 3 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் தலைவர். மற்ற நாளில் "நீங்க மூணு பேருதானே" என்று ஒதுக்கப்பட்டவர்களை அன்றைக்கு எல்லாரும் வீடு தேடி வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். கூட்டரசாங்கம் என்பதும் இதே கணக்குத்தான்.

1989இலிருந்து பாராளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்கிறது. அதாவது விழுந்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம். இந்த முறையில் சின்னக் கட்சிகளுக்கும் இடம் கிடைக்கிறது. அதேபோல, ஒரே கட்சிக்கு 113 வருவது முன்னைவிடக் கஷ்டம்.

வராவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, "நாட்டில் அரசாங்கம் இல்லை" என்ற நிலை வருவதில்லை. பாராளுமன்றத் தேர்தல் எப்படி முடிந்தாலும் ஜனாதிபதி பதவியில் இருக்கிறார். அமைச்சுகளின் செயலாளர்கள், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும்.

இரண்டாவது, பிரதமரை நியமிப்பது ஜனாதிபதி. பாராளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரை அவர் பிரதமராக்குவார். கூடுதல் ஆசனம் எடுத்த கட்சிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 113 பேரைச் சேர்க்கக்கூடியவர் யார் என்பதே கேள்வி. தேர்தல் முடிந்த கையோடு கட்சித் தலைவர்கள் இரவு பகலாகப் பேச்சுவார்த்தை நடத்துவது இதற்காகத்தான்.

மூன்றாவது, உண்மையான பரீட்சை பாராளுமன்றத்துக்குள் நடக்கும். முதல் நாள் சபாநாயகரைத் தெரிவு செய்யும்போதே எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். பிறகு அரசாங்கத்தின் கொள்கை விளக்கத்தையோ வரவு செலவுத் திட்டத்தையோ பாராளுமன்றம் தோற்கடித்தால், அல்லது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால், அந்த அமைச்சரவை கலைந்துவிடும்.

நான்காவது, "சரிவரல்லன்னா உடனே கலைச்சிட்டு மறுபடி எலெக்சன் வைப்பாங்க" என்று சிலர் சொல்வார்கள். இப்போதுள்ள சட்டப்படி, பாராளுமன்றம் முதலில் கூடிய நாளிலிருந்து இரண்டரை வருடம் போகும் வரை ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்குக் கலைக்க முடியாது. பாராளுமன்றமே தீர்மானம் எடுத்துக் கேட்டால்தான் முடியும்.

1960: வாக்கு இல்லாத நாங்கள்

இனி நம்ம நாட்டில் நடந்ததைப் பார்ப்போம்.

1960 மார்ச் 19ஆம் திகதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. அன்றைய சபையில் நியமன உறுப்பினர்களையும் சேர்த்து 157 இடம். இரண்டு கட்சியுமே பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. டட்லி சேனநாயக்க பிரதமரானார். தமிழரசுக் கட்சியிடம் 15 பேர் இருந்தார்கள். ஆதரவு தருவதற்கு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைப் பிரச்சினை. டட்லி அந்தக் கோரிக்கைகளுக்கு இணங்கவில்லை. ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் அரசாங்கம் தோற்றது. ஜூலை 20ஆம் திகதி மறுபடி தேர்தல் வைத்தார்கள். சுதந்திரக் கட்சி 75 ஆசனம் எடுத்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தின் முதலாவது பெண் பிரதமரானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமது குடியுரிமை அந்தப் பேரம் பேசும் மேசையில் இருந்தது. ஆனால் நமது வாக்கு அங்கே இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம்ம தாத்தா பாட்டிமாரில் மிகப் பெரும்பாலானவர்களின் வாக்கைப் பறித்திருந்தன. நமக்காக வேறொருவர்தான் பேச வேண்டியிருந்தது. பேச்சு முறிந்தது, நமது பிரச்சினையும் கிடப்பில் போனது. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இலும் 2003இலும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

1994: ஒரே ஒரு ஆசனம்

1994 ஆகஸ்ட் 16ஆம் திகதித் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம். 17 வருடம் ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94. யாருக்கும் 113 இல்லை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசின் 7 பேர் சந்திரிகா பக்கம் வந்தார்கள். 105உம் 7உம் 112. இன்னும் ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று நுவரெலியா மாவட்டத்திலிருந்து வந்தது. மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன் சுயேச்சைக் குழுவில் போட்டியிட்டு வென்றிருந்தார். அவருடைய ஆதரவோடு 113 ஆனது. ஆகஸ்ட் 19ஆம் திகதி சந்திரிகா பிரதமரானார். தேர்தல் நடந்து மூன்றே நாள். சந்திரசேகரன் பிரதியமைச்சரானார். ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் போட்டியிட்ட இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் பின்னர் அந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார்.

1960இல் வாக்கில்லாமல் வெளியே நின்ற சனம், 34 வருடத்துக்குப் பிறகு ஒரு ஆசனத்தால் நாட்டின் ஆட்சியை நிர்ணயித்தது. கொழுந்துக் கூடையோடு மலையேறி, பின்னேரம் வரிசையில் நின்று போட்ட வாக்குகள்தான் அந்த ஆசனம். எந்தக் கட்சியை நீங்கள் ஆதரித்தாலும் இந்தக் கணக்கு மட்டும் மறக்கக்கூடாது.

2004: பொறுக்க வேண்டிய ஐந்து மாதம்

2004 ஏப்ரல் 2ஆம் திகதித் தேர்தலிலும் இதே கதைதான். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 105, ஐக்கிய தேசிய முன்னணிக்கு 82, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 22, ஜாதிக ஹெல உறுமயவுக்கு 9. நான்கு நாளில் மஹிந்த ராஜபக்ஷ பிரதமரானார். ஆனால் 113 கையில் இல்லை. சபாநாயகர் தெரிவு ஒரே தடவையில் முடியவில்லை. கடைசியில் எதிர்க்கட்சி நிறுத்திய லொக்குபண்டார 110க்கு 109 என்று ஒரே வாக்கால் வென்றார்.

பெரும்பான்மையில்லாமல் இழுபட்ட அந்த அரசாங்கத்துக்கு, யானைச் சின்னத்தில் வென்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் செப்டம்பரில் ஆதரவு கொடுத்தது. மறுபடியும் மலையகத்து ஆசனங்கள்தான் தராசைச் சாய்த்தன.

"நாங்க போட்டது ஒரு சின்னத்துக்கு, இவங்க போனது இன்னொரு பக்கம்"

இப்படி ஆனவுடன் தோட்டங்களில் கோபம் வரும். "நம்ம வாக்க வித்துப்புட்டாங்க" என்று ஒரு சாரார். "எதிர்க்கட்சியில குந்தி என்னா செய்றது? அந்தப் பக்கம் போனாத்தான் ரோட்டு கரண்டு வரும்" என்று இன்னொரு சாரார். பிரட்டுக்களத்தில் தொடங்குகிற வாக்குவாதம் இஸ்தோப்பு வரைக்கும் வந்து, அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகளும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? ஓர் உறுப்பினரைக் கட்சி நீக்கினால் அவருடைய ஆசனம் ஒரு மாதத்தில் போய்விடும். ஆனால் அந்த நீக்கம் சரியா பிழையா என்று அவர் அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆகவே பக்கம் மாறியவர் எல்லாரும் ஆசனத்தை இழப்பதில்லை.

நியாயம் என்ன என்பதை வாக்குப் போட்ட நாம்தான் முடிவெடுக்க வேண்டும். பக்கம் மாறுவதே துரோகம் என்று சொல்லிவிட முடியாது. மாறினால் எல்லாம் கிடைக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொழிற்சங்கத் தலைவர் வரும்போது மரியாதையாகவே கேளுங்கள்: "ஆதரவு கொடுத்ததுக்கு நமக்கு என்னா ஒத்துக்கிட்டாங்க? எழுத்தில இருக்கா? எந்த மாசத்துக்குள்ள செய்வாங்க? செய்யல்லன்னா நீங்க என்னா செய்வீங்க?" ஒருவருக்கு அமைச்சர் பதவி கிடைப்பது வேறு, லயத்துக்குத் தண்ணீர் வருவது வேறு. இரண்டும் ஒன்றாக வரலாம், ஒன்று மட்டும் வந்து நின்றும் போகலாம்.

எது நிற்கும், எது நிற்காது?

முடிவு தெளிவில்லாத நாட்களில் நம்ம பெண்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஆகவே பிரித்துச் சொல்கிறோம்.

நிற்காதவை: உங்கள் நாட்சம்பளம். அது கூட்டு ஒப்பந்தத்தாலோ, சம்பள நிர்ணய சபை முடிவெடுத்து வர்த்தமானியில் வெளியிடுவதாலோ வருவது. அரசாங்கம் மாறியதால் மட்டும் அது ரத்தாகாது. அதேபோல ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் 12 சதவீதம், நீங்கள் 8 சதவீதம் கட்டுவதும், நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 சதவீதம் கட்டுவதும் சட்டம். "கவுர்மெண்டு இல்ல, அதனால கட்டல்ல" என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, கிராம உத்தியோகத்தர் அலுவலகம், ஏற்கெனவே கிடைத்துவரும் அரசாங்கக் கொடுப்பனவு எல்லாம் உத்தியோகத்தர்கள் மூலம் நடப்பவை. வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முன் பாராளுமன்றம் கலைந்தாலும், புதிய பாராளுமன்றம் கூடிய பிறகு 3 மாதம் வரைக்கும் அரசாங்க வேலைகளுக்குப் பணம் எடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு.

தாமதமாகக்கூடியவை: புது வீட்டுத் திட்டம், காணி உறுதி, புது ரோட்டு, புது நியமனம், சம்பளப் பேச்சுவார்த்தையில் அரசாங்கத் தரப்பின் தலையீடு. அமைச்சர் யார் என்று தெரியாதபோது கையெழுத்து வைக்க ஆள் இல்லை.

2018இல் இதைக் கண்ணால் பார்த்தோம். அது தேர்தலால் வந்த குழப்பம் அல்ல. 2015 தேர்தலில் யாருக்கும் 113 வராததால் உண்டான கூட்டரசாங்கம் உடைந்ததால் வந்தது. அக்டோபர் 26ஆம் திகதி ஒரு பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்தார்கள். நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார்கள். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. டிசம்பர் 16ஆம் திகதி பழைய பிரதமரே திரும்ப வந்தார். அடுத்த வருடத்தின் முதல் 4 மாதச் செலவுக்கு அவசரமாக இடைக்காலக் கணக்கு நிறைவேற்றினார்கள். அதே டிசம்பரில்தான் 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு நம்ம சனம் வேலைநிறுத்தம் செய்தது. 2019 ஜனவரியில் முடிந்தது 700 ரூபாவில். 1000 ரூபா 2021இல், அதுவும் சம்பள நிர்ணய சபை மூலமாகத்தான் வந்தது. மேலே குழப்பம் என்பதற்காக நமது கோரிக்கையை மடித்து வைக்கத் தேவையில்லை. அதேநேரம் குழப்பக் காலத்தில் கொடுக்கப்படும் வாக்குறுதியை உடனே நம்பிக் கடன் வாங்கவும் கூடாது.

பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால்...

"எலெக்சன் முடிஞ்சா அடிப்பாங்க" என்று வயதானவர்கள் சொல்வதை யாரும் சிரித்துத் தள்ள வேண்டாம். 1977 ஆகஸ்டில் தோட்டங்களில் நடந்ததை அனுபவித்தவர்கள் அவர்கள். லயங்களை விட்டு வவுனியாப் பக்கம் போன குடும்பங்கள் எத்தனை! ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1977 தேர்தலில் முடிவு தெளிவாகத்தான் வந்தது. 168 ஆசனத்தில் ஒரே கட்சிக்கு 140. முடிவு தெளிவில்லாமல் வந்த 1994இலும் 2004இலும் அப்படி ஒரு கலவரம் மலையகத்தில் மூளவில்லை. அடிதடி வருவது ஆசனக் கணக்கால் அல்ல. புரளியைக் கிளப்புகிறவர்களாலும், அதைத் தடுக்க வேண்டியவர்கள் தடுக்காமல் விடுவதாலும்தான் வருகிறது.

அதனால் அப்படிப்பட்ட நாட்களில் நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. போனில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், தேர்தல் ஆணைக்குழுவின் அறிவிப்பு வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வந்ததா என்று பாருங்கள். வென்றதற்கும் தோற்றதற்கும் பட்டாசு கொளுத்தி அடுத்த லயத்தைச் சீண்ட வேண்டாம், பக்கத்துக் கிராமத்தையும் சீண்ட வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் பேர் விட்டால் நட்டம் நமக்குத்தான். மிரட்டல் ஏதாவது வந்தால் தனியாகப் போகாமல் தோட்டத் தலைவர், மாதர் தலைவியோடு பொலிசில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வாக்காளர் இடாப்பு வருடாவருடம் கிராம உத்தியோகத்தர் மூலம் திருத்தப்படுகிறது. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள், கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்த மருமகள்மார், 18 வயது ஆனவர்கள் ஆகியோருடைய பெயர்தான் பெரும்பாலும் விடுபடுகிறது. இந்த மாதமே போய், உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறதா, அடையாள அட்டையில் உள்ளபடி சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 112ஐ 113 ஆக்கியது ஒரு ஆசனம். அந்த ஆசனத்தை உண்டாக்கியது இடாப்பில் பெயர் இருந்த சனம்.